67 நீதிபதிகளின் பெயரைச் சொல்

1965இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காகச் செல்மா என்ற ஊரில் நடந்த போராட்டத்தைச் சொல்லும் ‘செல்மா’ படத்தில் வரும் ஒரு காட்சியை நான் ஐந்து ஆண்டுகளாக மன்னிக்காமல் இருந்தேன். படம் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும், இரண்டாவது நடைப்பயணம். ஞாயிற்றுக்கிழமை தடியடியில் கூட்டம் சிதறிய அதே எட்மண்ட் பெட்டஸ் பாலத்தில், செவ்வாய்க்கிழமை மார்ட்டின் லூதர் கிங்கே முன்னால் நடந்து வருகிறார். பின்னால் சுமார் 2,000 பேர். தொலைக்காட்சியில் அடி விழுவதைப் பார்த்துவிட்டுக் கையில் அகப்பட்ட பையோடு வடக்கிலிருந்து கிளம்பி வந்த பாதிரியார்களும் அதில் உண்டு. எதிரே காவலர் வரிசை. அந்த வரிசை சட்டென்று இரண்டாகப் பிரிந்து ஒதுங்குகிறது. மாநிலத் தலைநகர் மான்ட்கோமரிக்குப் போகும் சாலை வெறிச்சோடித் திறந்து கிடக்கிறது. கிங் நிற்கிறார். மண்டியிடுகிறார். அவரைப் பார்த்து மொத்தக் கூட்டமும் மண்டியிடுகிறது. எழுந்தவர் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி, தன்னை நம்பி வந்தவர்களின் ஊடாகவே நடந்து ஊருக்குள் போய்விடுகிறார்.

2015இல், வேலை தேடிச் சென்னையில் அறை எடுத்திருந்த நாட்களில், மடிக்கணினியில் இதைப் பார்த்தேன். பார்த்த இடத்திலேயே நிறுத்திவிட்டு அறை நண்பனிடம் கத்தினேன். வழியை விட்டுவிட்டார்கள், கால் எடுத்து வைக்க வேண்டியதுதான் பாக்கி, இப்போது போய்த் திரும்புவாரா ஒருவர்? அவன் நூடுல்ஸ் கிண்டிக்கொண்டே, ‘அது நடந்த கதை, உனக்காக மாற்றி எடுக்க முடியாது’ என்றான். நியாயம்தான். ஆனாலும் கோபம் போகவில்லை. அதற்கு ஒரு சொந்தக் காரணமும் இருந்தது. கல்லூரியில் விடுதிச் சாப்பாட்டுக்காக இரண்டு நாள் பட்டினி உட்கார்ந்தோம். மூன்றாம் நாள் மாலை எங்கள் சார்பில் உள்ளே பேசப் போனவன் வெளியே வந்து, ‘எல்லோரும் எழுந்திருங்கள், முடிந்துவிட்டது’ என்றான். என்ன பேசினான், என்ன வாங்கினான், எதை விட்டுக்கொடுத்தான் என்று இன்றுவரை எங்களில் யாருக்கும் தெரியாது. மறுநாள் காலை அதே தண்ணீர்ச் சாம்பார். பாலத்தில் கிங் திரும்பியபோது எனக்கு அவன் முதுகுதான் தெரிந்தது.

இந்தப் படத்தைச் சுற்றி அப்போது வேறு சண்டைகள் நடந்துகொண்டிருந்தன. 1965இல் ஜனாதிபதியாக இருந்த லிண்டன் ஜான்சனை வில்லனாக்கிவிட்டார்கள் என்று அவருடைய பழைய உதவியாளர் ஜோசப் காலிஃபானோ பத்திரிகையில் பொங்கினார். கிங்காக வாழ்ந்த டேவிட் ஒயெலோவோவுக்கும் இயக்குநர் ஆவா டுவெர்னேவுக்கும் ஆஸ்கர் பரிந்துரைகூட இல்லை என்று இன்னொரு பக்கம் பொங்கினார்கள். இரண்டிலும் எனக்கு அபிப்பிராயம் உண்டு, ஆனால் இரண்டும் என் தூக்கத்தைக் கெடுக்கவில்லை. அந்தத் திரும்பல்தான் கெடுத்தது.

அப்பா எழுந்து உட்கார்ந்த இடம்

2020 ஜூலையில் ஜான் லூயிஸ் இறந்தார். 1965 மார்ச் 7 அன்று அந்தப் பாலத்தில் முன்வரிசையில் நடந்து மண்டை உடைபட்ட இளைஞர், பிற்பாடு 33 ஆண்டுகள் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். அவருடைய உடலைக் குதிரை வண்டியில் ஏற்றிக் கடைசியாக ஒருமுறை அதே பாலத்தின் மேல் கொண்டுபோனார்கள். சாலையில் ரோஜா இதழ்களைத் தூவியிருந்தார்கள். அக்கரையில் அலபாமா மாநிலக் காவலர்கள் விறைத்து நின்று சல்யூட் வைத்தார்கள். ஊரடங்கு காலம், நான் ஊரில் அப்பாவோடு இருந்தேன். கைப்பேசியில் இந்தக் காட்சியைக் காட்டினேன். ‘யார் இவர்? எதற்குப் போலீஸ்காரர்கள் இப்படி விறைக்கிறார்கள்?’ என்றார். விளக்குவதற்குச் சோம்பல்பட்டுப் படத்தையே தொலைக்காட்சியில் போட்டேன்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வருவாய்த் துறையில் 34 ஆண்டுகள் இருந்து, தேர்தல் துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டில் ஜனவரி 1 என்றால் புத்தாண்டு அல்ல, வாக்காளர் பட்டியலின் தகுதி நாள். சினிமாவில் அவருக்கு ஈடுபாடு கிடையாது. காலை முக்காலியில் நீட்டிக்கொண்டு பாதி தூக்கத்தில்தான் பார்ப்பார். கிங் நோபல் பரிசு வாங்கும் காட்சி அவரை அசைக்கவில்லை. பர்மிங்ஹாம் தேவாலயத்தில் குண்டு வெடித்து நான்கு சிறுமிகள் சாகும் இடத்தில் ‘ஐயோ’ என்றார். அதற்கு அடுத்த காட்சியில் காலைக் கீழே இறக்கி வைத்து எழுந்து உட்கார்ந்தார்.

அந்தக் காட்சியில் ரத்தம் இல்லை. ஒரு நீதிமன்றக் கட்டடம், ஒரு மேசை, ஒரு எழுத்தர். ஆன்னி லீ கூப்பர் என்ற நடுத்தர வயதுப் பெண் வாக்காளர் பதிவுப் படிவத்தை நிரப்பிக்கொண்டு வருகிறார். ஆப்ரா வின்ஃப்ரே நடித்திருக்கிறார், ஆனால் அந்த இரண்டு நிமிடம் அது ஆப்ரா என்பது மறந்துபோகும். எழுத்தர் படிவத்தைப் பார்க்கும் முன்பே, நீ வேலை செய்யும் முதியோர் விடுதியின் முதலாளிக்கு இது தெரிந்தால் என்ன சொல்வார் என்று கேட்கிறார். அப்புறம், அரசியல் சாசனத்தின் முகவுரையைச் சொல் என்கிறார். அந்த அம்மாள் ஒப்பிக்கிறார். அலபாமாவில் எத்தனை கவுன்டி (நம் மாவட்டம் மாதிரி) நீதிபதிகள்? 67. எழுத்தர் ஒரு கணம் பார்க்கிறார். ‘அவர்கள் பெயரைச் சொல்.’ அதோடு முத்திரை விழுகிறது, நிராகரிப்பு.

அப்பா, ‘நிறுத்து’ என்றார். நிறுத்தினேன். திரையில் அந்த அம்மாளின் முகம் உறைந்து நின்றது. அப்பா அவரைப் பார்க்கவில்லை. எழுத்தர் இருந்த இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

‘அந்த ஆள் ஒரு விதியையும் மீறவில்லை, கவனித்தாயா?’

‘எப்படியப்பா? 67 பேர் பெயரை யாரால் சொல்ல முடியும்?’

‘கேள்வி கேட்க அவனுக்கு அதிகாரம் இருக்கிறது. என்ன கேள்வி என்று சட்டம் வரையறுக்கவில்லை. அவ்வளவு போதும். நாங்கள் ஒரு படிவத்தைத் தள்ளுபடி செய்தால் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதினால் அதை வைத்து மேல்முறையீட்டுக்குப் போவார்கள். அந்தப் பயம்தான் எங்களை ஒழுங்காக வைத்திருந்தது. இந்த ஆளுக்கு மேலே யாரும் இல்லை. அதனால்தான் முத்திரையை அவ்வளவு மெதுவாகக் குத்துகிறான்.’

மெதுவாகக் குத்துகிறான் என்பதை நான் கவனித்திருக்கவே இல்லை. சரியோ தவறோ, 34 ஆண்டு முத்திரை குத்தியவரின் கண்ணுக்கு அது தெரிந்திருக்கிறது.

அதற்கப்புறம்தான் இந்த மேசையைப் பற்றித் தேடிப் படித்தேன். செல்மா இருக்கும் டல்லஸ் கவுன்டியில் வாக்களிக்கும் வயதுள்ள கறுப்பின மக்கள் ஏறத்தாழ 15,000 பேர். 1965 தொடக்கத்தில் பட்டியலில் இருந்தவர்கள் 300க்குச் சற்று மேல். பதிவு அலுவலகம் மாதத்தில் இரண்டே நாட்கள் திறக்கும், முதல் திங்களும் மூன்றாம் திங்களும். வேலை செய்கிறவர்கள் கூலியை இழந்து வரிசையில் நிற்க வேண்டும். நின்றாலும் முறை வருவதற்குள் கதவு சாத்திவிடும். படிவத்தில் முதலாளி பெயர் எழுத வேண்டும், மறுநாள் முதலாளிக்குத் தெரிந்துவிடும். நிஜ ஆன்னி லீ கூப்பருக்கு வேலை போனதே இப்படித்தான். 1963இல் பதிவு வரிசையில் நின்றதற்காக அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் வட மாநிலங்களில் வாழ்ந்தபோது வாக்காளராகப் பதிந்திருந்தவர். தாயைப் பார்த்துக்கொள்ளச் சொந்த ஊருக்கு வந்ததும் அந்தத் தகுதி ஆவியாகிவிட்டது. 1965 ஜனவரியில், நீதிமன்ற வாசலில் தன்னைத் தள்ளிய ஷெரிஃப் ஜிம் கிளார்க்கின் முகத்தில் ஓங்கிக் குத்தினாரே, அந்தக் குத்துக்குப் பின்னால் இவ்வளவு வரிசைகள் இருக்கின்றன. நூறு வயது வாழ்ந்து 2010இல் இறந்தார். படம் வந்தது அதற்கு நான்கு ஆண்டு கழித்து.

பக்கத்துக் கவுன்டியான லவுண்டஸில் நிலைமை இன்னும் எளிமை. மக்கள்தொகையில் பெரும்பான்மை கறுப்பினத்தவர், பட்டியலில் அவர்கள் எண்ணிக்கை பூஜ்யம். செல்மாவிலிருந்து மான்ட்கோமரி போகும் 54 மைல் சாலை அந்தக் கவுன்டியைக் குறுக்கே வெட்டிக்கொண்டுதான் போகிறது. அந்த பிப்ரவரியில் செல்மா சிறையிலிருந்து கிங் எழுதிய கடிதம் பத்திரிகையில் வந்தது. இந்த ஊரில் வாக்காளர் பட்டியலில் இருக்கும் கறுப்பினத்தவரைவிட என்னோடு சிறையில் இருப்பவர்களே அதிகம் என்று அதில் எழுதியிருந்தார். இதை அப்பாவிடம் சொன்னபோது, ‘கைதிகள் பட்டியலாவது சரியாக வைத்திருக்கிறார்கள்’ என்றார்.

மேல்முறையீடு

பாலத்துக் காட்சி வந்தது. கிங் மண்டியிட்டுத் திரும்பினார். நான் ஐந்து வருடக் கோபத்தோடு அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவரிடம் எந்தச் சலனமும் இல்லை. ‘தடை உத்தரவு ஏதாவது இருந்திருக்கும்’ என்றார், தண்ணீர் இருந்திருக்கும் என்று சொல்வதுபோல.

இருந்தது. ஞாயிறு தடியடி நடந்த மறுநாளே கிங் தரப்பு வழக்கறிஞர்கள் மான்ட்கோமரியில் கூட்டாட்சி நீதிபதி, அதாவது மாநிலத்தின் கீழ் வராத மத்திய நீதிமன்ற நீதிபதி, ஃபிராங்க் ஜான்சனிடம் மனுப் போட்டிருந்தார்கள், நடைப்பயணத்தைத் தடுக்கக் கூடாது என்று உத்தரவிடச் சொல்லி. அவர் உடனே தரவில்லை. விசாரணை முடியும்வரை யாரும் நடக்கக் கூடாது என்று செவ்வாய்க்கிழமை காலை தடை விதித்தார். வாஷிங்டன் அனுப்பிய லீராய் காலின்ஸ், புளோரிடாவின் முன்னாள் ஆளுநர், இரு தரப்புக்கும் நடுவே காரில் ஓடிக்கொண்டிருந்தார். பாலத்தைக் கடந்து வாருங்கள், ஜெபம் செய்யுங்கள், திரும்பிப் போங்கள், அடிக்க மாட்டோம் என்பது பேச்சு. எந்த இடம்வரை வரலாம் என்று கையால் வரைந்த வழிப்படம் ஒன்றுகூடக் கைமாறியது. படத்தில் கிங்கின் மனத்துக்குள் நடக்கும் போராட்டமாக நான் பார்த்ததன் பின்னால் ஒரு துண்டுக் காகிதம் இருந்திருக்கிறது.

‘நீதிபதி உத்தரவுக்குப் பயந்தா திரும்பினார்? அதற்கு முன்பு சிறைக்கே போயிருக்கிறாரே’ என்றேன். உண்மைதான், 1963இல் பர்மிங்ஹாமில் நீதிமன்றத் தடையை வேண்டுமென்றே மீறி, புனித வெள்ளி அன்று கைதானவர் கிங். அப்பா கேட்டார், ‘அது எந்த நீதிமன்றம்?’ தேடிப் பார்த்தேன். அலபாமா மாநில நீதிமன்றம். அதற்கு முந்தைய வருடம் ஜார்ஜியாவின் ஆல்பனியில் ஒரு கூட்டாட்சி நீதிபதி தடை போட்டபோது, அதிருப்தியோடு அடங்கிப் போயிருக்கிறார். அப்பா தொடையைத் தட்டினார். ‘பார்த்தாயா? கீழே இருக்கிறவன் உத்தரவை மீறலாம், அவன்மேல்தானே புகாரே. மேலே இருக்கிறவனிடம்தானே மனு நிலுவையில் இருக்கிறது? மேல்முறையீடு போட்டுவிட்டு, மேல்முறையீட்டு அதிகாரியிடமே போய் முறைத்துக்கொள்வானா ஒருவன்?’

இந்த ஒரு வாக்கியத்தில் எனக்கு முதல் காட்சியும் பாலத்துக் காட்சியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. எழுத்தருக்கு மேலே யாரும் இல்லை என்பதுதான் ஆன்னி லீ கூப்பரின் பிரச்சினை. அந்த ‘மேலே’யை உண்டாக்குவதற்குத்தான் இத்தனை பேர் நடந்தார்கள். ஃபிராங்க் ஜான்சன் யாரோ ஒரு நீதிபதியும் அல்ல. 1956இல் மான்ட்கோமரி பஸ்களில் நிறப் பிரிவினை மூவர் அமர்வில் செல்லாது என்று தீர்ப்பளித்த இருவரில் ஒருவர். நிறப் பிரிவினையை ஆதரித்த அலபாமா ஆளுநர் ஜார்ஜ் வாலஸோடு ஒரே சட்டக் கல்லூரியில் படித்தவர், ஆனால் அவருக்கு வளையாதவர். அலபாமாவில் கிங்குக்குத் திறந்திருந்த கதவு அவருடைய அறைக் கதவு. போலீஸ்காரர்கள் ஒதுங்கித் திறந்துவிட்ட சாலை அந்தக் கதவை அடைத்துவிடக்கூடிய சாலை. எனக்குக் கோழைத்தனமாகத் தெரிந்தது, ஒரு வழக்காளியின் கணக்கு.

எட்டு நாள் கழித்து, மார்ச் 17 அன்று, நீதிபதி அனுமதி கொடுத்தார். எதிர்க்கப்படும் அநீதி எவ்வளவு பெரியதோ அந்த அளவுக்கு, சாலையில் அணிவகுத்து நடக்கும் உரிமையும் விரிய வேண்டும், இங்கே அநீதி மிகப் பெரியது என்று எழுதினார். அதே உத்தரவில், சாலை குறுகும் இடத்தில் 300 பேருக்கு மேல் நடக்கக் கூடாது என்றும் எழுதினார். அப்பாவுக்கு இந்த இரண்டாவது பகுதிதான் மிகவும் பிடித்தது. ‘இப்படித்தான் உத்தரவு போட வேண்டும்’ என்று இரண்டு முறை சொன்னார்.

காகிதத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்கியபின் படம் முழுக்கக் காகிதமாகத் தெரிகிறது. கிங் எங்கே போனார், யாரோடு பேசினார் என்று எஃப்பிஐ எழுதிவைத்த குறிப்புகள் தட்டச்சு எழுத்தில் திரையில் வந்துகொண்டே இருக்கின்றன. திரைக்கு வெளியிலும் அதே கதை. கிங்கின் நிஜ உரைகளின் உரிமை வேறொரு படத்துக்காக ஏற்கெனவே கொடுக்கப்பட்டுவிட்டதால், அவர் பேசிய வாக்கியங்களை இந்தப் படத்தில் பேச முடியாது. டுவெர்னே அந்தத் தொனியில் புதிதாக எழுதினார். ஒயெலோவோவின் குரலில் கேட்கும்போது வித்தியாசம் தெரியவில்லை என்பது இயக்குநருக்குப் பெருமை. கிங்கைப் பற்றிய படத்தில் கிங் பேச முடியாமல் போனது எந்த மேசையின் பெருமை என்று தெரியவில்லை.

சொல்லாமல் திரும்பியது

ஆனால் அப்பாவின் விளக்கம் எனக்குப் பாதிதான் செரித்தது. மனுவை நிலுவையில் வைத்துக்கொண்டு முறைத்துக்கொள்ள முடியாது, சரி. அதைப் பின்னால் நடந்து வந்த 2,000 பேரிடம் முன்கூட்டியே சொல்லியிருக்கலாமே? பாலத்தின் நடுப்பகுதி மேடானது. செல்மா பக்கத்திலிருந்து ஏறும்போது அக்கரையில் என்ன நிற்கிறது என்பது உச்சிக்குப் போகும்வரை தெரியாது. இரண்டு நாள் முன்பு அங்கே என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டே அந்த மேட்டில் ஏறியவர்கள் அவர்கள். பல்லைக் கடித்துக்கொண்டு ஏறியவர்களுக்கு, இன்று அடி விழாது என்று ஏற்பாடு, பாதியில் திரும்புவதும் ஏற்பாடு என்பது தெரியாது. மாணவர் இயக்கத்தினர் கொதித்தது இதற்காகத்தான். விடுதி வாசலில் நாங்கள் எழுந்து நின்றோமே, அதே முகம்.

அன்று இரவே அதற்கு விலையும் விழுந்தது. வந்த பாதிரியார்களை இன்னும் சில நாள் தங்கும்படி கிங் கேட்டுக்கொண்டார். பாஸ்டனிலிருந்து வந்த ஜேம்ஸ் ரீப் தங்கினார். இரவு உணவு முடித்து உணவகத்திலிருந்து வெளியே நடந்தபோது தடியால் தலையில் அடித்தார்கள். இரண்டு நாளில் இறந்தார், 38 வயது. வெள்ளையர் என்பதால் நாடே துடித்தது. ஜனாதிபதி அவர் மனைவியிடம் தொலைபேசியில் பேசினார். மூன்று வாரம் முன்பு மேரியன் ஊரில் மாநிலக் காவலர் சுட்டதில் இறந்த ஜிம்மி லீ ஜாக்சனுக்கு 26 வயது. அந்தத் துடிப்பு எழவில்லை. இத்தனைக்கும் இந்த நடைப்பயணமே அவருடைய சாவிலிருந்து பிறந்ததுதான். ஜாக்சனைச் சுட்டவர் குற்றத்தை ஒப்புக்கொண்டது 2010இல். தண்டனை ஆறு மாதம். மேலே போகும் கோப்பு இவ்வளவு மெதுவாகப் போகும் என்பதையும் அப்பாவிடம் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. படத்தில் கிங், மக்கள் அடிபட்டுச் சாவதைவிட என்னை வெறுப்பது மேல் என்ற பொருளில் ஒன்று சொல்வார். முதல் முறை எனக்கு அது வசனமாகப்பட்டது. இப்போது அப்படிப் படவில்லை. ஆனாலும், சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கலாம் என்ற இடத்தில்தான் நான் நிற்கிறேன்.

1965 ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தானது. அதில் அப்பா கேட்டதும் கேட்காததும் இருந்தன. எழுத்தறிவுத் தேர்வுகளை நிறுத்தியது, பதிவு செய்யக் கூட்டாட்சி அலுவலர்களையே அனுப்பியது. எல்லாவற்றுக்கும் மேலாக, இப்படிப்பட்ட பழைய கணக்குள்ள மாநிலங்கள் தேர்தல் விதியில் எதை மாற்றுவதானாலும் வாஷிங்டனின் முன் அனுமதி வாங்க வேண்டும் என்றது. அடுத்த ஆண்டே ஜிம் கிளார்க் வாக்குச்சீட்டில் தோற்றார். 2013இல், அலபாமாவின் ஷெல்பி கவுன்டி போட்ட வழக்கில், முன் அனுமதி யாருக்குப் பொருந்தும் என்று சொல்லும் பிரிவை உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ரத்து செய்தது. படம் வெளியாவதற்கு ஒன்றரை ஆண்டு முன்பு. ‘பிரிவை எடுத்தார்களா, சட்டத்தை எடுத்தார்களா?’ என்று அப்பா கேட்டார். பிரிவைத்தான், சட்டம் அப்படியே இருக்கிறது என்றேன். ‘முன் அனுமதி இல்லையென்றால் அப்புறம் சட்டம் எதற்கு இருக்கிறது?’ என்று எழுந்துபோனார்.

இரவு சாப்பிடும்போது திடீரென்று கேட்டார், ‘அந்த எழுத்தருக்கு 67 பேர் பெயர் தெரிந்திருக்குமா?’ தெரிந்திருக்காது என்றேன். கையைக் கழுவிவிட்டு வந்து நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் ஏதோ எழுதத் தொடங்கினார். தமிழ்நாட்டின் மாவட்டங்கள். அவர் ஓய்வு பெறும்போது 32, அந்த ஜூலையில் 37. மடமடவென்று இரண்டு பத்தியாக எழுதி 33இல் நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து விரல் வைத்து எண்ணினார். ராணிப்பேட்டை விட்டுப்போயிருந்தது எனக்குத் தெரிந்தது.

‘சொல்லாதே’ என்றார்.